எந்த ஊர்ப் பிள்ளையோ

சென்ற தீபாவளி விடுமுறையில், சிங்கப்பூரின் கிராஞ்சிப் பகுதியிலுள்ள சுங்கை பூலோ பறவைப் புகலிடத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. செனாயிலிருந்து அது அதிகத் தொலைவன்று. ஆயினும் ஜொகூர் பாலத்தில் கடவுச்சீட்டும் கையுமாக நின்ற நேரமே பயணத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

புகலிடம் என்றதும் அடர்ந்த கானகத்தை எண்ணிச் சென்றேன். அங்கு நான் கண்டவையோ வரப்புக் கட்டிய குளங்கள்! ஒரு காலத்தில் அவை இறால் பண்ணைகள். கடல் ஏறும்போது மதகைத் திறந்து, நீரோடு இறால் குஞ்சுகளையும் உள்ளே விட்டு வளர்ப்பது அக்காலத்து முறை. பின்னர்க் கைவிடப்பட்ட அக்குளங்களில் வலசைப் பறவைகள் திரள்வதை 1986ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் கண்டு, அரசுக்கு எடுத்துரைத்தனர். 1993இல் அவ்விடம் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. 2002இல் 130 எக்டர் பரப்புள்ள இயற்கைக் காப்பகமாயிற்று. மதகுகளுக்கு இன்றும் வேலையுண்டு. கடல் பெருகிச் சேற்றுவெளி மூழ்கும் வேளையில் குளத்து நீரைத் தாழ்த்தி வைத்தால், பறவைகளுக்கு நிற்க இடமும் கொத்த இரையும் கிடைக்கும் அல்லவா?

மறைவுக் குடிலின் சாளரம் வழியே நோக்கினேன். சாம்பல் நாரைகள், பவளக்காலிகள், அவற்றிடையே முதுகில் பொன்துகள் தூவியது போன்ற உப்புக்கொத்திகள். என் நெஞ்சு திடுக்கிட்டது. அப்பறவையை நான் முன்பே அறிவேன்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். தோட்டத்துத் திடலில் மேய்ந்துகொண்டிருந்த அத்தகைய பறவையொன்றை உண்டிவில்லால் வீழ்த்தி, பால்வெட்டு முடிந்து வந்த தந்தையாரிடம் பெருமிதத்தோடு நீட்டினேன். அவர் ஏசவில்லை, அடிக்கவுமில்லை. உள்ளங்கையில் அதை ஏந்திப் பார்த்து, "எந்த ஊர்ப் பிள்ளையோ" என்றார். அவரும் சிறு பிராயத்தில் கப்பலேறி வந்தவர். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, குளிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான மைல் பறந்துவரும் பறவை அது என்று அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

கடல் வடியத் தொடங்கிற்று. கூட்டம் ஒருமிக்க எழுந்து நீரிணையை நோக்கிப் பறந்தது. எதிரே நம் ஜொகூர்க் கரை. அவற்றிடம் யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை!

பள்ளி திறந்ததும், என் மேசை இழுப்பறையில் கிடந்த உண்டிவில்லுக்குரிய நான்காம் ஆண்டு மாணவனை அழைத்தேன். ஏதோ தண்டனை என்று நடுங்கியபடி வந்தான். அவனிடம் இக்கதையைச் சொன்னேன்.

"அது நம்ம திடலுக்கும் வருமா, ஐயா?" என்றான்.

மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே அவன் திடலோரம் நின்றிருந்தான். உண்டிவில் இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. அவன் அதைக் கேட்டு வரவில்லை.