அலையும் அலுவலும்

வேலையென்றால் மேசை, விளையாட்டென்றால் விடுமுறை எனப் பிரித்து வாழ்ந்த தலைமுறை எம்முடையது. இன்றோ மடிக்கணினியும் இணையமும் இருந்தால், ஒரு நாட்டு நிறுவனத்தின் வேலையை மற்றொரு நாட்டின் கடற்கரையிலிருந்தே செய்துவிடுகின்றனர்.

எம்மிடம் பயின்று இலண்டனிற் குடியேறிய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஆடி மாதம் முழுவதும் பொத்துவிலை அடுத்த அறுகங்குடாவில் தங்கி அவ்வாறு பணிபுரிந்தார். வைகாசி முதல் புரட்டாசி வரை அலைச்சறுக்கலுக்குப் பேர்போன இடம் அது. கோடையில் இலண்டனிற் காலை 9 மணியாகும்போது இங்கே பிற்பகல் 1.30. ஆகவே விடியலில் பலகையேறி அலையிற் சறுக்கியபின், மதிய உணவு முடித்து அலுவலில் அமர்ந்தார்.

“கொடுத்துவைத்தவர்” என்றனர் பலர். தாயாரோ, “இரவு 10 மணிவரை வேலை செய்கிற பிள்ளை, விடியமுன் கடலில் இறங்கலாமோ, ஐயா?” என்று எம்மிடம் கலங்கினார். தாயுள்ளம் உண்மையைத் தொட்டுவிட்டது. நேர வித்தியாசம் காலைப்பொழுதைத் தருகிறது. ஆனால் அதனை இரவிலிருந்தே எடுத்துத் தருகிறது. களைத்த உடலுக்குக் கடல் சலுகை காட்டாது.

மாணவரை வினவினோம். “நித்திரை குறைந்த அன்று பலகையைத் தொடுவதில்லை, ஐயா, தனியே இறங்குவதுமில்லை” என்றார். அதன்பின்னரே தாயாருக்குத் தைரியம் கூற எம்மால் இயன்றது.

இவ்வழி செல்லும் பிள்ளைகளிடம் பெற்றோர் மூன்றைக் கேட்டறிதல் நன்று: நிறுவனம் அனுமதித்ததா? அந்நாட்டு விசா வேலைக்கு இடந்தருமா? காப்புறுதி விளையாட்டு விபத்தையும் ஏற்குமா?

அலுவலகத்தில் மேலதிகாரி மணி பார்ப்பார். கடற்கரையில் தானே தனக்கு மேலதிகாரி. அப்பொறுப்பைச் சுமக்க வல்லார்க்கே அச்சுதந்திரம் தகும்.