கம்பளம் தூங்கும் பக்கம்

ஈரானின் யஸ்த் நகரைவிட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. அதன் தெருக்கள்கூட நினைவில் மங்கத் தொடங்கிவிட்டன. மூக்குக்கும் விரலுக்கும் அங்கே இருந்த பேச்சு மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

அங்கே பேசும் பாரசீக மொழியில் மணத்துக்கு ‘பூ’ என்று பெயர். ‘கம்பம்’ என்னும்போது நடுவில் வருமே, அந்த மெல்லிய ஒலியோடு சொல்ல வேண்டும். நமக்குப் போலவே அவர்களுக்கும் வாசனை ‘வரும்’. முகர்ந்தால் மணத்தை ‘இழுக்கிறார்கள்’. பூசணி விதை வறுப்பதற்கு ‘பூ தாதன்’, மணம் கொடுத்தல்! வறுபடும் விதை தெருமுனை வரை அதைத்தானே செய்கிறது. பழங்கவிதையில் இதே சொல்லுக்கு நம்பிக்கை, ஆசை என்றும் பொருள். கவிஞர் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பான திவானில் முதல் கஜலிலேயே கூந்தலின் கஸ்தூரி மணமும் அதற்காகக் காத்துக் கிடக்கும் ஏக்கமும் இந்த ஒரே சொல்லில் கலந்து வரும். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யஸ்தின் பழைய வீடுகளுக்குக் ‘காஹ்கெல்’ பூச்சு. களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்தது. வெயில் தாழ்ந்ததும் முற்றத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரம் பட்ட சுவரிலிருந்து முதல் மழையின் மண்வாசனை எழும், கூடவே வைக்கோல் வாடையும். மயங்கி விழுந்தவரின் மூக்கருகே நனைத்த காஹ்கெலைப் பிடிப்பது அந்த நாட்டுக் கைவைத்தியம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

‘நர்ம்’ என்றால் மிருது, ‘ஸெப்ர்’ என்றால் சொரசொரப்பு. இரண்டையும் நான் கற்றது ஒரு கம்பளக் கடையில். கம்பளத்தின் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை அவர்கள் ‘காப்’ என்கிறார்கள், அதாவது தூக்கம். “தூங்குகிற பக்கமாகத் தடவுங்கள்” என்றார் கடைக்காரர். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிர்ப்பக்கம் தடவியபோது இழைகள் உள்ளங்கையில் முரண்டு பிடித்தன. தடவிய இடத்தில் சிவப்பு ஒரு படி கருத்தது. திரும்பத் திரும்பத் தடவினேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை, இன்னொரு தேநீர் ஊற்றினார்.

புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன, எழுத்தும் மறக்கவில்லை. ஆனால் ‘பூ வருகிறது’ என்றால், எங்கிருந்து என்று தலையைத் திருப்பி மூச்சை இழுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமே! சென்னையில் கம்பளக் கடை கண்ணில் பட்டால் உள்ளே போய்விடுகிறேன். விற்பவர் நீளம் சொல்கிறார், அகலம் சொல்கிறார், விலை சொல்கிறார். இது எந்தப் பக்கம் தூங்குகிறது என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.