ஈர்க்குச்சி

மண்ணூர். மாசி மாதக் காலை. நவரை நெல், நட்டு 25 நாள்.

சாலையில் கம்பெனி பஸ்கள். ஜன்னலோரம் தூங்கும் தலைகள். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள். கண்டெய்னர் லாரி ஒன்று கடக்கிறது. ஓரத்துப் பயிர் சாய்ந்து நிமிர்கிறது.

வயலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய். 30 சென்டிமீட்டர் நீளம். பாதி மண்ணுக்குள். புதைந்த பாதியெங்கும் ஓட்டைகள். பெரியவர் குனிகிறார். மடியிலிருந்து தென்னை ஈர்க்குச்சியை எடுத்துக் குழாய்க்குள் விடுகிறார். வெளியே எடுக்கிறார். ஈரம் எதுவரை என்று பார்க்கிறார். வேட்டியில் துடைக்கிறார்.

மோட்டார் கொட்டகைக் கதவில் துண்டறிக்கை, சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பின் பாய்ச்சவும். 5 செ.மீ. நின்றால் போதும். பூக்கும் சமயம் காயவிடக் கூடாது. தலைப்பு: காய்ச்சலும் பாய்ச்சலும். பெரியவரின் அப்பா காலத்துச் சொல். கீழே உள்ள மீத்தேன் என்ற சொல் மட்டும் புதுசு.

பக்கத்து வயலில் கணுக்கால் தண்ணீர். கொக்கு கால் வைக்கிறது. சேற்றிலிருந்து ஒரு குமிழி. உடைகிறது. இன்னொன்று. காற்றுப் புகாத சேற்றில் தாளும் வேரும் மக்கி வரும் வாயு. நிறமில்லை, மணமில்லை. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பம் பிடிக்கும். கொக்கு அடுத்த காலை வைக்கிறது.

அந்த வயல் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிறது. அருகே ஆள் இல்லை. மீட்டரும் இல்லை. உழவர்கள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமான ஆண்டு 1990.

மொபெட் நிற்கிறது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை.

"நெலம் வெடிக்குது ணா. தண்ணி கட்டலியா?"

"இன்னும் ரெண்டு வெரல் கீது."

"பைப்ப நம்பிப் பயிரு வெக்கிறியே!"

மொபெட் சிரித்துக்கொண்டே போகிறது.

வெயில் ஏறுகிறது. காய்ந்த இடத்தில் கோரை தலைகாட்டுகிறது. பெரியவர் பிடுங்கி வரப்பில் போடுகிறார். சாலைக்கு அப்பால் நீண்ட மதில். மதிலில் பச்சை பெயின்ட்: பூமியைக் காப்போம். உள்ளே புல்தரையில் தெளிப்பான் சுற்றுகிறது.

மாலை. அதே குழாய், அதே குச்சி. ஈரம் காலையில் இருந்ததைவிட ஒரு விரல் மேலே. துடைத்துவிட்டு மறுபடி விடுகிறார். அதே ஒரு விரல். வானத்தைப் பார்க்கிறார். மேகம் இல்லை.

வரப்போடு நடக்கிறார். பாதி வழியில் உட்காருகிறார். நண்டு வளை. பக்கத்து வயல் தண்ணீர் அதன் வழியே மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஒரு கை சேறு வைத்து அடைக்கிறார். குதிகாலால் மிதிக்கிறார். இன்னொரு கை சேறு.

பக்கத்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.