யாரோ உலர்த்திய காய்

ஏலக்காய்க்கும் ஏலம் என்று பெயர். அதைக் கூவி விற்பதற்கும் ஏலம் என்றே பெயர். இரண்டாவது சொல் போர்ச்சுகீசியர் விட்டுப் போனது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். போடிநாயக்கனூரில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தப் பெயர்ப் பொருத்தம் தற்செயலாகத் தோன்றுவதே இல்லை. முதல் ஏலம் மலையில் விளைகிறது. இரண்டாவது ஏலம் ஊருக்குள் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டடம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மலைக்காரர்கள் அதை ஸ்டோர் என்பார்கள்.

ஸ்டோர் என்றதும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பறித்த பச்சைக்காயை உலர்த்துகிற இடம் அது. சூடு ஏறினால் காய் வெடித்துவிடும். சூடு குறைந்தால் பச்சை வெளுத்துவிடும். ஆகவே ஒரு பகலும் ஓர் இரவும் யாராவது ஒருவர் விழித்திருந்து சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ காய்ந்த காய் கிடைக்கும். பிறகு சல்லடையில் சலித்து, எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரிக்கிறார்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவன் சொந்தமாக ஸ்டோர் கட்ட முடியாது. பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து உலர்த்திக்கொள்கிறான். நம் வீட்டுப் பாயசத்தில் மணப்பது அந்த ஸ்டோர்க்காரரின் தூக்கமும்தான்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதேபோல ஸ்டோர்கள் உண்டு என்பது எனக்கு 2021-ஆம் வருஷம்வரை தெரியாது. எனக்கு அதைத் தெரிவித்தவள் என் அக்கா மகள்.

அவள் மலைச்சரிவுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். போடிமெட்டுக்கு ஏறுகிற பாதையில் மழைக்காலத்தில் பாறையும் மண்ணும் சரிந்து விழுவது எங்களுக்குப் புதிதல்ல. எந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து, எங்கே எவ்வளவு மழை என்பதையெல்லாம் செயற்கைக்கோள் எடுத்த பூமிப் படங்களிலிருந்து கணக்கிட வேண்டும் என்றாள். கணக்குப் போட பைத்தான் என்ற மொழி. படத்தைப் படிக்க ஜி.டி.ஏ.எல். என்ற ஒரு லைப்ரரி. பிராங்க் வார்மர்டாம் என்பவர் 1998-இல் தொடங்கியது, இன்று உலகமெல்லாம் பூமிப் படம் பார்க்கிறவர்கள் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

"சும்மா கொடுக்கிறான் என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, என்ன கஷ்டம்?" என்று கேட்டேன்.

"பச்சையாகக் கொடுக்கிறார்கள் மாமா, நாம்தான் காய வைத்துக்கொள்ள வேண்டும்" என்றாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மனிதர்கள் எழுதுகிற நிரலை இயந்திரம் நேரே படிக்காது. அதை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பெயர் கம்பைல் செய்வது. சின்ன நிரல் என்றால் சிரமம் இல்லை. விஞ்ஞானக் கணக்கு லைப்ரரிகளோ ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பவை. பைத்தானில் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் கைவைக்கும் நம்பை 2006-இல் வந்தது. அதன் அடியில் பிளாஸ், லாபாக் என்ற பழைய கணக்குத் தொகுப்புகள் இருக்கின்றன. பிளாஸ் 1979-இல் வெளியானது, லாபாக் 1992-இல். இரண்டும் ஃபோர்ட்ரானில் பிறந்தவை. ஆக, ஒன்றைக் கம்பைல் செய்ய ஒன்பதைத் தேட வேண்டும். ஒவ்வொன்றும் சரியான பதிப்பாக இருக்க வேண்டும்.

அவளுடைய பழைய மடிக்கணினி, விஷுவல் சி-ப்ளஸ்-ப்ளஸ் 14.0 வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அதை இறக்குவதென்றால் பல ஜி.பி. ஆகும். தோட்டத்து வீட்டில் இருந்தது செல்போன் இணைப்பு. நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. கணக்கு. நாலு நாள் காத்திருந்து இறக்கினாள். ஐந்தாம் நாள் கம்பைல் தொடங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு வேறொரு லைப்ரரி இல்லையென்று நின்றது. ஆராய்ச்சிக் கட்டுரை கொடுக்கக் கெடு இன்னும் மூன்று வாரம். சரிவைப் பற்றி ஒரு வரிகூட அவள் எழுதவில்லை. மலையைப் படிக்க வந்த பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு சிநேகிதி, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் ஆய்வுக்கூடம் ஒன்றின் பக்கத்தைக் காட்டினாள். கிறிஸ்டோஃப் கோல்க்கே என்ற விஞ்ஞானி, விண்டோஸ் கணினிகளுக்காக நூற்றுக்கணக்கான லைப்ரரிகளைத் தாமே கம்பைல் செய்து, வரிசையாக அங்கே வைத்திருந்தார். இவை அதிகாரபூர்வமானவை அல்ல, உத்தரவாதம் ஏதும் இல்லை என்று மேலே ஓர் எச்சரிக்கை. அவ்வளவுதான். சில பத்து எம்.பி. கொண்ட ஒரு கோப்பை இறக்கினாள். ஒரே ஒரு கட்டளை. ஒரு நிமிஷத்தில் போடிமெட்டுச் சரிவுகள் திரையில் நிறம் நிறமாக எழுந்து நின்றன.

எனக்கு அந்தப் படத்தைவிட அந்த மனிதர்மேல்தான் ஆச்சரியம். கொச்சியிலும் கொழும்பிலும் லாகோஸிலும் இவளைப் போல எத்தனை பேர்! அவர்களுடைய பெயர் அவருக்குத் தெரியாது. அவருடைய பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திராது. 2022-இல் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பண உதவி நின்றுபோயிற்று. பக்கமும் நிறுத்தப்பட்டது. ஊரார் காயையெல்லாம் உலர்த்திக் கொடுத்த ஸ்டோர் மூடிய பிறகுதான், அப்படி ஒன்று இருந்தது பலருக்கு நினைவு வந்தது.

முன்கூட்டியே கம்பைல் செய்து கொடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். போடிக்காரர்களுக்கு அதை ரயிலை வைத்துச் சொல்லிவிடலாம். மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிவில் நின்றது. அகல ரயில் போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெட்டி நன்றாகத்தான் இருந்தது, எஞ்சினும் ஓடிற்று. ஆனால் ஒரு மீட்டர் தண்டவாளத்தில் ஓடிய சக்கரம் 1,676 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடாது. கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஓர் அகலம் உண்டு. இன்டெல் சில்லுக்குச் செய்தது ஏ.ஆர்.எம். சில்லில் ஓடாது. விண்டோஸுக்குச் செய்தது லினக்ஸில் ஓடாது. லினக்ஸிலேயே நூறு வகை.

அந்த நூறு வகைக்கும் ஒரே பெட்டி செய்ய 2016-இல் ஒரு வழி கண்டார்கள். பைத்தான் பேக்கேஜுக்கு வீல் என்று பெயர். அதில் மெனிலினக்ஸ் என்று ஒரு வகை ஏற்படுத்தினார்கள். உபாயம் வெகு எளிது. வேண்டுமென்றே ஒரு கிழ லினக்ஸை, 2007-இல் வெளியான சென்ட்-ஓ.எஸ். 5-ஐ எடுத்து, அதில் உட்கார்ந்து கம்பைல் செய்வது. பழையதில் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடாது. வேறெங்கும் கிடைக்குமோ என்று சந்தேகமான துணை லைப்ரரிகளைக் கூடவே மூட்டை கட்டி உள்ளே வைத்துவிடுவது. புதுப் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே என்ன இருக்குமோ என்று அம்மிக்கல்வரை ஏற்றி அனுப்புகிற தாய் மாதிரி. வசதியானவன் வீட்டுக்கென்று மட்டும் செய்யாமல், இருப்பதிலேயே பழைய கணினி வைத்திருப்பவனை மனதில் வைத்துக்கொண்டு செய்வது என்ற இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இன்னொரு பக்கம் கோண்டா-ஃபோர்ஜ் என்று ஒரு கூட்டம், 2015-இலிருந்து. இது கூட்டுறவு ஸ்டோர். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு சமையல் குறிப்பு. ஒவ்வொரு குறிப்பையும் பார்த்துக்கொள்ள ஓரிரண்டு பேர். புதுப் பதிப்பு வந்தால் ஓர் இயந்திரமே வந்து கதவைத் தட்டும். எழுந்து போய், சரிதானா என்று பார்த்து அனுமதிக்க வேண்டியது மனிதன். பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது.

இத்தனையும் நல்ல காரியந்தான். ஆனால் உலர்ந்த காயை வாங்குகிறவனுக்கு ஒரு பயமும் உண்டு. பச்சைக்காயில் ஏமாற்ற முடியாது. காய்ந்த காயில் சாயம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் அப்படி ஒன்று அகப்பட்டது. கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்-இசட் என்ற சின்ன நிரல், எங்கும் இருப்பது. அதைப் பார்த்துக்கொண்டவர் தனி ஆள், களைத்துப்போயிருந்தார். உதவி செய்கிறேன் என்று ஒருவர் வந்தார், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவராகவே உழைத்தார், சாவியை வாங்கிக்கொண்டார், பிறகு விஷத்தை வைத்தார். எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் அதற்கான ஒரு துண்டு இல்லை. வெளியிட்ட மூட்டைக்குள் மட்டும் இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், ஏதோ ஒரு வேலை வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, அது ஏன் என்று விடாமல் தோண்டியதால் உலகம் தப்பித்தது.

இதற்குப் பரிகாரமாகச் சிலர், ஒரே நிரலை இரண்டு பேர் இரண்டு இடத்தில் கம்பைல் செய்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வர வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். டெபியன்காரர்கள் 2013-இலிருந்து அந்த முயற்சியில் இருக்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆயினும் எனக்குத் தோன்றுவது வேறு. அந்த விஷம் நுழைந்த வாசல் எது? ஒரு மனிதனின் களைப்பு. ராத்திரி முழுவதும் ஒருவனே விழித்திருந்து, அவனுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவும் ஆள் இல்லையென்றால், "நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்கிறவன் யாராயிருந்தாலும் அவன் சாவியைக் கொடுத்துத்தானே விடுவான்? நன்றி என்பதை நாம் ஒரு மரியாதை என்று நினைக்கிறோம். சில இடங்களில் அது காவல்.

அக்கா மகள் கட்டுரையைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டாள். இப்போது வேலையில் இருக்கிறாள். ஆனால் கோண்டா-ஃபோர்ஜில் ஒரு சின்ன லைப்ரரியின் குறிப்பில், பார்த்துக்கொள்பவர்கள் என்ற இடத்தில் அவள் பெயரும் இருக்கிறது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது ராத்திரி ஒரு மணிக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விண்டோஸில் தேறிவிட்டது, மாக்கில் தேறவில்லை என்றாள்.

என் தாயார் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், "இந்நேரத்துக்கு என்னடி வேலை? இதற்கு என்ன தருகிறார்கள்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் தரமாட்டார்கள் அம்மாச்சி."

"அப்போ யாருக்குச் செய்கிறாய்?"

"யாரென்று தெரியாது."

என் தாயார் மலையில் பிறந்தவள். ஸ்டோர் பார்த்த குடும்பம். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, பாலைச் சுடவைத்தாள்.