ஓடாத நேரத்தின் கணக்கு

ஆரணிக் கோட்டை மைதானத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக ஓடுகிறவர்கள். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள். அவர்கள் ஓட்டத்தை நம்பி ஒரு வீடே இருக்கிறது. அவர்கள் பின்னாலேயே, அவர்கள் வேகத்திலேயே, எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஓடிவருகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளைப் பற்றியது.

நான் உடற்கல்வி ஆசிரியை. நடுத்தர தூர, நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். பள்ளிப் போட்டிகளின் விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதிகபட்ச தூரம் 600 மீட்டர்தான். 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3,000 மீட்டர் வரை. வளரும் உடம்பைத் தெரிந்தவர்கள் போட்ட விதி அது. ஆனால் அந்த விதி போட்டி நடக்கும் நாளுக்கு மட்டும்தான். குறுவட்டப் போட்டியில் 600 மீட்டர் ஓடுகிற பையன், மற்ற நாட்களில் விடியற்காலையில் அண்ணன்களோடு எட்டு கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓடுகிறான். சாயங்காலம் பள்ளியில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ‘மினி மாரத்தான்’, முதல் பரிசு ரொக்கம். வீட்டுக்குப் போனால் தறி.

தறியைக் கடைசியில் சொன்னாலும் எங்கள் ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். தார்க் குச்சியில் நூல் சுற்றுவது, பாவு நூலைப் பிணைக்கும்போது கூட இருப்பது, கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் அப்பா எழுந்த நேரத்தில் தறிக் குழியில் இறங்கி நாலு அங்குலம் நெய்வது. “உக்காந்து செய்யற வேலைதானே டீச்சர்” என்பார்கள். குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு காலும் மாறி மாறி மிதிபலகையில் இருக்கும், முதுகு முன்னால் வளைந்திருக்கும். காலையில் ஓடிய கெண்டைக்காலுக்கு அங்கே ஓய்வு இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் தூக்கம். தீபாவளிப் புடவைக்கு ஆர்டர் குவிகிற மாதங்களும் பள்ளிப் போட்டிகள் குறுவட்டத்திலிருந்து மாவட்டத்துக்கு ஏறுகிற மாதங்களும் ஒன்றேதான். இரவு பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுகிற பதினாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்தரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்கிறது மருத்துவம். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிற வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. பயிற்சி பலமாக மாறுவது ஓடும்போது அல்ல, அப்புறம்தான்.

திறமையில்லாத பிள்ளைக்கு இந்த ஆபத்து குறைவு. வலித்தால் நின்றுவிடும், மழை பெய்தால் வராது. திறமையுள்ள பிள்ளை நிற்காது. நிற்காமல் இருந்ததற்குத்தான் அதற்கு இதுவரை கைதட்டல் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கு அது வேண்டும், ஞாயிற்றுக்கிழமைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு வேண்டும், என்னைப் போன்ற பயிற்சியாளருக்கும் வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறோம். எல்லாப் பங்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளை அந்தக் கூட்டுத்தொகையில்தான் உடைகிறது.

இது எந்த எல்லை வரை போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெயர் இருக்கிறது. 2006 மே மாதம் ஒடிசாவில் புதியா சிங் என்ற நாலு வயதுக் குழந்தை பூரியிலிருந்து புவனேசுவரம் நோக்கி 65 கிலோமீட்டர் ஓடியது. ஏழு மணி நேரத்துக்கும் மேல். அன்று நாடே வியந்தது. அப்புறம் பரிசோதித்த மருத்துவர்கள் சத்துக்குறைவும் ரத்தசோகையும் இருப்பதாகச் சொன்னார்கள், மாநில அரசு அந்தக் குழந்தை நெடுந்தூரம் ஓடத் தடை விதித்தது. பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ் 2008இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புதியா விளையாட்டு விடுதியில் வளர்ந்தார், எதிர்பார்த்த ஓட்டக்காரராக வரவில்லை. அதே புவனேசுவரத்தில் 2017இல் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர் நம் புதுக்கோட்டை ஜி. லட்சுமணன். அப்போது அவருக்கு 27 வயது. பெற்றோர்களிடம் நான் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வேன். நெடுந்தூர ஓட்டத்தின் விளைச்சல் இருபதுகளின் நடுவில் வருவது. பதினாலு வயதில் கிடைக்கிற கோப்பையால் அதைச் சொல்லிவிட முடியாது.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் பதினாலை ஒட்டியும் திடுதிடுவென்று உயர்கிறார்கள். பெரியவர்களின் எலும்பில் இருக்கும் தாதுச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு அந்த வேகமான வளர்ச்சியைச் சுற்றியுள்ள இரண்டு வருடங்களில்தான் சேர்கிறது. ஆனால் நீளம் முதலில் வந்துவிடும், கெட்டி பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் எலும்பு நீண்டிருக்கும், முற்றியிருக்காது. சீருடைப் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்ட பையனுக்கு நான் தூரத்தைக் கூட்டமாட்டேன். அப்போது அவன் ஓட்டம் கொஞ்சம் கோணலாகக்கூட இருக்கும், நேரமும் கூடும். திட்டக்கூடாது. புதிய காலுக்கு அவன் இன்னும் பழகவில்லை.

முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது, குதிகாலின் பின்பக்கம் வலிப்பது, இரண்டும் வளர்ச்சித் தட்டில் தசைநார் இழுப்பதால் வருபவை. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். நான் பயப்படுவது கணைக்கால் எலும்புக்கு. ‘ஷின் வலி’ என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வார்கள். எலும்பின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவியிருந்தால், ஓட ஆரம்பித்து உடம்பு சூடானதும் குறைந்தால், அது பெரும்பாலும் ஓய்வில் தீரும். ஒற்றை விரலால் அழுத்தும்போது ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் முகம் சுளித்தால், ராத்திரி படுக்கையிலும் வலி இருந்தால், அன்றோடு ஓட்டம் நிற்கவேண்டும். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேவில் அந்த விரிசல் பல சமயம் தெரியாது. “எக்ஸ்ரே நல்லா இருக்குன்னுட்டாங்க மிஸ்” என்று படத்தை உறையோடு எடுத்துக்கொண்டு பிள்ளை மறுநாளே மைதானத்துக்கு வந்து நிற்கும். வலி சொல்வதைத்தான் நான் நம்புவேன். எம்.ஆர்.ஐ. எடுக்க வேலூர் வரை போக வேண்டியிருந்தாலும் போகச் சொல்வேன், அதுவரை கால் தரையில் குதிக்காது.

பெண் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கப் பல பயிற்சியாளர்கள் கூச்சப்படுகிறார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? நான் நேராகவே கேட்பேன். “ரெண்டு மாசமா வரல மிஸ், நல்லதாப் போச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். அது நல்லதல்ல. செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு போகாதபோது உடம்பு முதலில் மூடுகிற கடை அதுதான். அதோடு எலும்பைக் காக்கிற ஹார்மோனும் குறைந்துவிடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதை ஒரு தனிக் குறைபாடாக வரையறுத்தது, ஆண் பிள்ளைகளுக்கும் வரும் என்று எச்சரித்தது. அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013இல் தன் 17 வயதில் மாஸ்கோ உலகப் போட்டியின் 1,500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடினார். அதற்குப் பிறகு, எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்கடி. மூன்று வருடம் மாதவிடாய் இல்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன. 2019 நவம்பரில் அவரே வெளியில் வந்து சொன்னார். உலகத்திலேயே பணமும் கருவியும் அதிகம் இருந்த பயிற்சி முகாமில் நடந்தது இது.

நம் பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கச் சொல்லவே வேண்டாம், சாப்பாடே போதவில்லை. ஐந்து மணிக்கு ஒரு டீ, ஓட்டம், குளியல், அவசரமாகப் பள்ளி. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆக, எட்டு கிலோமீட்டர் ஓடிய பிள்ளையின் வயிற்றில் உருப்படியாக ஒன்று விழுவது மதியச் சத்துணவில்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது என்று சொல்கிற பெண்ணுக்கு முதலில் தேவை ரத்தப் பரிசோதனை, கூடுதல் சுற்று அல்ல. குறுக்குவழியும் வேண்டாம். ஜப்பானில் பள்ளி ஓட்டக்காரர்களுக்கு இரும்புச்சத்து ஊசி போடுவது பரவி, 2016இல் அந்நாட்டுத் தடகளச் சம்மேளனமே எச்சரிக்க வேண்டியிருந்தது. நான் பிள்ளைகளிடம் கேட்பது எளிமையானது: ஓட வருவதற்கு முன் ஒரு வாழைப்பழம், முடித்த உடனே ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வெல்லமும். நம் மாவட்டத்தில் வேர்க்கடலை கிடைக்காத வீடு இருக்கிறதா என்ன? பள்ளியில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பிட வேண்டும்.

‘சின்ன வயதிலேயே கடுமையாகப் பயிற்சி செய்து ஜெயித்தவர்கள் இல்லையா?’ என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். நார்வேயின் யாகோப் இங்கபிரிட்சன் 2018இல் 17 வயதில் ஐரோப்பியப் போட்டியில் 1,500, 5,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஆனால் அவர் பயிற்சியில் விரல் நுனியிலிருந்து ரத்தம் எடுத்து, உழைப்பின் கடுமையைக் காட்டும் லாக்டேட் அளவு பார்த்து, அளவு மீறினால் வேகத்தைக் குறைக்கும் பழக்கம் இருந்தது. அங்கே அதிகம் ஓடினார்கள் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம், அளவு பார்த்து அடக்கியதை விட்டுவிடுகிறோம். அந்த வீட்டிலும் எல்லாம் நலம் அல்ல. தந்தையின் வன்முறையைப் பற்றி யாகோப் உட்பட மூன்று மகன்கள் 2023இல் பகிரங்கமாக எழுதினார்கள்.

எங்களிடம் லாக்டேட் கருவி இல்லை. நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி எண்ணி எழுதும். தன் வழக்கத்தைவிட எட்டு, பத்து துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் வேகப் பயிற்சி கிடையாது. தூங்கிய நேரம், சாப்பிட்டது, வலிக்கும் இடம். கடைசிக் கட்டத்தில் தறி. அமெரிக்க விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தியின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வயதை விட அதிகமான மணி நேரம் வாரத்தில் விளையாட்டுப் பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்குக் கடுமையான தேய்மானக் காயங்கள் அதிகம் என்று காட்டியது. 14 வயதென்றால் வாரம் 14 மணி நேரம். தறியில் இருக்கிற நேரத்தையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். இது என் சொந்த முடிவு. ஆரணிப் பிள்ளையின் கால் இரண்டு வேலையையும் சேர்த்துத்தான் சுமக்கிறது என்பதால் எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

நோட்டைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சியின் முதல் அறிகுறி நேரம் கூடுவது. 3,000 மீட்டரில் பத்து நொடி பின்தங்குகிறான். பயிற்சியாளர் ‘சோம்பல்’ என்கிறார், அப்பா ‘போன் பார்க்கிறான்’ என்கிறார், பையனும் நம்பிவிடுகிறான். மருந்தாக இன்னும் நான்கு சுற்று. நேரம் இன்னும் கூடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, அடிக்கடி சளி, படிப்பில் சரிவு. கடைசியில் ஒருநாள் ஓட்டமே வேண்டாம் என்று நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்கு அப்போது தேவைப்படுவது சில வாரங்கள் ஓய்வு, சில சமயம் மாதங்கள்.

பெற்றோரை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. நெசவாளர் ஒருவர் தன் பிள்ளை தறியில் உட்காரக்கூடாது என்று நினைப்பதில் என்ன தவறு? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரியில் இடம் இருக்கிறது, விளையாட்டு விடுதிக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று வகுப்புகளில் தேர்வு நடக்கிறது. ஒவ்வொரு சான்றிதழும் ஒரு கதவு. அதனால்தான் எந்த வருடத்தையும் விட மனசு வருவதில்லை. “ஸ்டேட் மீட் முடியட்டும் டீச்சர், அப்புறம் ரெஸ்ட் குடுத்துக்கலாம்” என்ற வார்த்தை அந்தப் பயத்திலிருந்து வருவது. அப்படிச் சொல்கிறவரிடம் எலும்புப் பாடம் எடுத்துப் பிரயோசனமில்லை. நோட்டை விரித்து வைத்து இருவரும் சேர்ந்து கூட்ட வேண்டும்.

போன பருவத்தில் சேவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்தோம். 3,000 மீட்டரில் மாவட்டத்துக்குத் தேர்வானவள். நோட்டில் தூக்கம் ஐந்து மணி, ஐந்தரை மணி என்றே இருந்தது, நாடி ஏறியிருந்தது. விடியற்காலை ஓட்டம், பள்ளிப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமைப் போட்டி, தார் சுற்றுகிற நேரம் எல்லாவற்றையும் அவள் அப்பா தானே கூட்டினார். புடவைக் கூலி கணக்குப் போட்டுப் பழகிய கை, சீக்கிரம் முடித்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தீபாவளி முடியற வரைக்கும் நான் இவளத் தார் சுத்தச் சொல்லல டீச்சர். ஞாயித்துக்கெழம போட்டிக்கும் அனுப்பல. காலை ஓட்டத்த நீங்க கொறைச்சுக்கோங்க” என்றார். வாரத்தில் மூன்று நாள் காலை ஓட்டத்தை அடித்துவிட்டு, அந்தக் கட்டங்களில் ‘தூக்கம்’ என்று அவளே எழுதினாள்.