எங்கள் மலையைச் சுற்றுலாத் தலம் என்றேன்

அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரின் ரோட்டரி கூட்டத்தில், ஆகாய கங்கை அருவியின் படத்தைத் திரையில் காட்டி, "இது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சுற்றுலாத் தலம்" என்று சொன்னேன். அந்த அருவி இருக்கும் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் பிறந்தவன் நான். அறப்பளீசுவரர் கோயில் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில் பாதிப்பேர் எனக்கு மாமன், மச்சான் முறை. அதைச் சொல்லவில்லை. வீடு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாமக்கல் என்றேன். முட்டைப் பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை, ஆஞ்சநேயர் கோயில் என்று கீழ்நாட்டுப் படங்களாகவே காட்டினேன். எல்லாம் உண்மையான படங்கள்தான். அவற்றுக்கு நடுவே நின்ற நான்தான் பொய்.

அந்த அமெரிக்கப் பயணம் என் சொந்தக் காசில் போனதல்ல. ரோட்டரி அறக்கட்டளை 1965 முதல் 2013 வரை நடத்திய குரூப் ஸ்டடி எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் போனது. 25 முதல் 40 வயதுக்குட்பட்ட, வேலையில் இருக்கிற சிலரைத் தேர்ந்தெடுத்து, ரோட்டரிக்காரர் ஒருவரின் தலைமையில் வேறொரு நாட்டுக்கு அனுப்புவார்கள். போகிறவர்கள் ரோட்டரி உறுப்பினராக இருக்கக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம், பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களின் வீடுகளில்தான் தங்கல். பகலில் அவரவர் தொழில் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். கூட்டங்களில் நம் ஊரைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்தும் ஒரு குழு இங்கே வரும். கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்த ஏற்பாடு அது.

தேர்வுக் குழுவின் முன் நான் மலையை மறைக்கவில்லை என்பதுதான் இதில் மோசமான பகுதி. அங்கே மலையைத் தவிர வேறெதையும் நான் பேசவில்லை. மலையாளிப் பழங்குடி, எங்கள் ஊரின் முதல் பட்டதாரி, வல்வில் ஓரி ஆண்ட மண், பதினான்கு நாடுகள், சாமைச் சோறு தின்று வளர்ந்த பிள்ளை என்று அடுக்கினேன். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அந்த நெகிழ்ச்சியில்தான் எனக்கு இடம் கிடைத்தது. இடம் வாங்கித் தந்த மலையை, கோட்டும் டையும் மாட்டிக்கொண்ட அன்றே கழற்றி வைத்துவிட்டேன். குழுவில் மற்றவர்கள் டவுன்காரர்கள், சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்கள். அவர்களில் யாரும் என்னைக் குறைத்து ஒரு சொல் சொன்னதில்லை. என்னைப் பழங்குடி என்று வேடிக்கை பார்ப்பார்களோ, ஒரு கேள்வியும் கேட்காமல் பரிதாபப்படுவார்களோ என்று நானே பயந்து நானே ஒளிந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்போது நான் ஒரு சேகோ ஆலைக்குக் கிழங்கு கொள்முதல் செய்யும் களப்பணியாளன். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குக் கொல்லிமலையிலிருந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இறங்கிக்கொண்டிருந்த காலம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடு லாரிகள் ஊர்ந்துபோகும். மலைக்காரன் என்பதால் என்னை நம்பி ஜனங்கள் முன்பணம் வாங்குவார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் ஆலை எனக்குச் சம்பளம் கொடுத்தது. மலையில் சாமை குறைந்து கிழங்கு பெருகியதற்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்ல மாட்டேன். கிழங்குக்குக் கையில் காசு வந்தது. சாமைக்கு உரலும் உலக்கையும்தான் மிச்சம். காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் இருட்டில் நின்று குத்திப் புடைத்தால்தான் அடுத்த நாள் சோறு. அதிலிருந்து விடுபட நினைத்ததில் என்ன தப்பு? அவர்களை நான் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே காலத்தில் வேறொரு வேலையும் எங்கள் மலையில் நடந்துகொண்டிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஊர் ஊராகப் போய்ச் சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைப் பற்றிப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஊர்ப் பொதுவில் விதை வங்கிகள் வைத்தார்கள். உலக்கை வேலையைக் குறைக்கச் சாமை அரைக்கும் இயந்திரங்களும் கொண்டுவந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் லாரிக்கு எதிரான வேலையாகவே அதைப் பார்த்தேன்.

அயோவாவில் சுவாமிநாதன் என்ற பெயர் என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் பிறந்தது அந்த மாநிலத்தின் கிரெஸ்கோ பக்கம். அவர் முயற்சியில் தொடங்கிய உலக உணவுப் பரிசின் தலைமையிடம் டெ மாய்ன் நகரம். 1987-இல் அந்தப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர் சுவாமிநாதன். அந்தப் பணத்தைக் கொண்டுதான் 1988-இல் சென்னையில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். "உங்கள் மாநிலத்துக்காரர் அல்லவா!" என்று ஒரு வீட்டுக்காரர் பெருமையோடு கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பணத்தின் ஒரு துளியாவது என் அம்மாவின் தொம்பைக்குள், அந்தத் தானியக் குதிருக்குள், இருந்த விதையைத் தேடி வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பிறகு டெக்கோராவுக்கு அழைத்துப்போனார்கள். சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பின் பண்ணை அங்கே இருக்கிறது. அந்த அமைப்பு 1975-இல் கென்ட் வீலி, டயான் ஆட் வீலி என்ற தம்பதியர் தொடங்கியது. டயானின் தாத்தா வீட்டில், ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து முன்னோர் கொண்டுவந்த தக்காளி விதையும் ஊதாப் பூக்கொடி ஒன்றின் விதையும் இருந்தன. தாத்தாவோடு அவை போய்விடக் கூடாது என்று தொடங்கியதுதான் அவ்வளவு பெரிய விதைக் காப்பகமாக வளர்ந்திருக்கிறது. எங்களோடு வந்த வயதான அம்மாள், தன் பாட்டி கொடுத்த அவரை விதையைத் தான் இன்னும் போடுவதாகச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "நீ விவசாயம் படித்தவன். உங்கள் வீட்டில் யார் விதை எடுத்து வைக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"இப்போதெல்லாம் யாரும் வைப்பதில்லை, எல்லாம் கடையில் வாங்கிக்கொள்கிறோம்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வருத்தம். எனக்காக வருந்தினார். எந்தப் பரிதாபத்துக்குப் பயந்து ஒளிந்தேனோ, அதை என் பொய்யாலேயே வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தபின் நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கமெல்லாம் பேசப் போனேன். அமெரிக்கக்காரன் பாட்டன் விதையை எப்படிப் போற்றுகிறான் பாருங்கள் என்று டெக்கோரா படங்களைக் காட்டி உருகினேன். கைதட்டினார்கள். மலைமேல் செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ ஒரு திண்ணையில்கூட அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டே, அம்மா போனபின் அக்கா பார்த்துவந்த மேட்டுக்காட்டுக்கும் கிழங்கு முன்பணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "விதைக்காச்சும் ஒரு ஓரத்துல சாமை போட்டுக்கிறேன், தம்பி" என்று அக்கா கேட்டாள். ஓரம் விட்டால் லோடு குறையும் என்றேன்.

2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது, நகரத்துக் கடைகளில் சாமைப் பொட்டலம் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த அம்மாளின் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ, அவருக்கான பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் விதை எடுத்து வைத்தவர்கள் பெண்கள். அறுப்புக்கு முன்னால் காட்டுக்குள் நடந்து, நோயில்லாத, மணி பிடித்த கதிராகக் கண்ணாலேயே பொறுக்குவார்கள். சாமை என்று ஒற்றைப் பெயரில் முடியாது. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று எந்தச் சரிவுக்கு எது, எந்த மழைக்கு எது என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். உரமும் பாசனமும் இல்லாமல் கல்லாங்காட்டில் விளைகிற பயிர் அது. விதையைக் காயவைத்துத் தொம்பையில் வைப்பாள். இல்லை என்று வந்தவர்களுக்கு முறத்தில் அளந்து கொடுத்து, அடுத்த வெள்ளாமையில் திரும்ப வாங்கிக்கொள்வாள். அம்மாவுக்குப் பின் அக்கா அதைச் செய்தாள். நீங்கள் என்னிடம் கேட்ட அன்றும் அவள் செய்துகொண்டுதான் இருந்தாள். ஊர் திரும்பி, பணம் கொடுத்து அதை நிறுத்தியவன் நான்.