அடுத்தடுத்து இரண்டு இரவுகள்

வெளியூர் மைதானத்தில் நம் அணி கோல் போட்டால் தொலைக்காட்சியில் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். ஐம்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு கணம் கழித்து எங்கோ ஒரு மேல்மூலையிலிருந்து மெலிதாக ஓர் ஆரவாரம் கிளம்பும். அங்கேதான் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில் மைதான இருக்கைகளில் ஐந்து விழுக்காட்டை வந்திருக்கும் அணியின் ரசிகர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ விதி வைத்திருக்கிறது. அந்த ஐந்து விழுக்காட்டின் குரலைக் கேட்பதற்காகவே ஊரில் இருக்கும் மற்றவர்கள் கண்விழித்துக் கிடப்போம். சொந்த ஊரில் ஜெயித்தால் கடமையைச் செய்த திருப்தி. வெளியூரில் ஜெயித்தால் பிறர் தோட்டத்து மாங்காய் தின்ற ருசி.

2019 மே 8, 9 ஆகிய இரண்டு இரவுகளில் வட லண்டன் அந்த ருசியை இரண்டு விதமாகப் பார்த்தது. முதல் இரவு சாம்பியன்ஸ் லீகில், ஆம்ஸ்டர்டாமில் டாட்டன்ஹாம். மறுநாள் யூரோப்பா லீகில், வாலென்சியாவில் ஆர்சனல். இரண்டுமே அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், ஒவ்வொன்றிலும் ஒருவர் மூன்று கோல், இரண்டும் வெற்றி. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், ஒன்றைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டே இருக்கிறார்கள், மற்றதை ஜெயித்தவர்களே மறந்துவிட்டார்கள். ஏன் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு.

அப்போது நான் டாட்டன்ஹாம் பக்கம் குடியிருந்தேன். லண்டனில் அணியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வாடகை கட்டுப்படியாகும் இடத்தில் வீடு பிடிக்கிறோம், அணி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆர்சனல் மைதானம் இருக்கும் ஹாலோவே பக்கத்திலிருந்து கிளம்பும் செவன் சிஸ்டர்ஸ் சாலை டாட்டன்ஹாம் ஹை ரோடில் வந்து முடியும். ஆர்சனல் 1913இல் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்த வூலிச்சிலிருந்து இடம்பெயர்ந்து வந்து டாட்டன்ஹாமின் பக்கத்திலேயே கடை விரித்தது. அந்தக் கோபம் நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. நான் மரவள்ளியும் முருங்கைக்காயும் வாங்கும் கடை அந்தச் சாலையின் நடுவில் இருந்தது. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், தீவிர ஆர்சனல். கல்லாவுக்குப் பின்னால் பிள்ளையார் படமும் ஆர்சனல் வீரர் தியரி ஆன்றி படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். ஊதுபத்தி இரண்டுக்கும் பொது.

ஆம்ஸ்டர்டாம் ஆட்டத்தன்று மாலை அவர் கேட்டார்: "என்ன தம்பி, இண்டையோட உங்கட கதை முடிஞ்சுது போல?"

"பார்ப்போம் அண்ணே" என்றேன். நம்பிக்கை இல்லாதவன் சொல்லும் சொல் அது, அவருக்கும் தெரியும்.

நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பருவம் முழுக்க டாட்டன்ஹாம் ஒரு ஆட்டக்காரரைக்கூடப் புதிதாக வாங்கவில்லை. புது மைதானம் கட்டி முடியாமல் இழுத்து ஏப்ரலில்தான் திறந்தார்கள். சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் முதல் மூன்று ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. பார்சலோனா மைதானத்தில் எண்பத்தைந்தாவது நிமிடத்தில் லூகாஸ் மௌரா சமன் செய்ததால் அடுத்த சுற்றுக்குத் தப்பிப் பிழைத்தார்கள். காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் இரண்டாவது ஆட்டத்தில் 4-3 என்று தோற்றும் முன்னேறினார்கள்!

இந்த விநோதத்துக்குக் காரணம் வெளியூர் கோல் விதி. இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால், எதிராளி மைதானத்தில் அதிகக் கோல் அடித்தவர் ஜெயித்தவர். 1965-66 பருவத்தில் கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் இதை முதலில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு சமமானால் பொது ஊரில் மூன்றாவது ஆட்டம், அதிலும் சமமென்றால் பூவா தலையா. 1965இல் லிவர்பூலும் கொலோனும் அப்படி ரோட்டர்டாமில் முட்டிக்கொண்டு நின்றபோது, நடுவர் சுண்டிய வட்டு சேற்றில் செங்குத்தாகச் செருகி நின்றுவிட்டது. மறுபடி சுண்டி லிவர்பூல் ஜெயித்தது. அதோடு ஒப்பிட்டால் வெளியூர் கோல் விதி நியாயமானதுதான். ஆனால் ரசிகனை ஆட்டம் முழுக்க மனக்கணக்குப் போட வைத்துவிடும். ஒரு கோலுக்கு ஒரு மதிப்பு, அதே கோலுக்கு இன்னோர் ஊரில் இன்னொரு மதிப்பு.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஆம்ஸ்டர்டாம் அணியான அயாக்ஸ் டாட்டன்ஹாமுக்கே வந்து 1-0 என்று ஜெயித்துப் போயிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில், ஆம்ஸ்டர்டாமில் ஐந்தாவது நிமிடத்திலேயே அயாக்ஸ் தலைவர் மத்தியாஸ் டெ லிக்ட், பத்தொன்பது வயதுப் பையன், கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஹக்கிம் ஸியேஷ் இன்னொன்று. மொத்தக் கணக்கு 3-0. எங்கள் முன்னணி ஆட்டக்காரர் ஹாரி கேன் கணுக்கால் காயத்தோடு பார்வையாளராக இருந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்த பப்பில் இடைவேளையின்போது ஓர் இழவு வீட்டுக் களை. ஆனால் இழவு வீட்டில் இறந்தவரைத் திட்ட மாட்டார்கள். இங்கே பதினொரு பேரையும், பயிற்சியாளர் பொச்செட்டினோவையும், பணத்தை இறுக்கிப் பிடித்த நிர்வாகத்தையும் வரிசையாக வறுத்தெடுத்தார்கள். என் பக்கத்தில் ஒரு கிழவர், 1960களிலிருந்து இந்த அணியோடு அவதிப்படுகிறவர், கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "இது உனக்குப் பழகிவிடும்" என்றார். இன்னும் சிலர் பின்னாலேயே போனார்கள். நானும் போயிருப்பேன், ஆனால் கையிலிருந்த கோப்பை முக்கால்வாசி நிறைந்திருந்தது. விசுவாசத்துக்குப் பல நேரம் இவ்வளவுதான் காரணம்.

இடைவேளைக்குப் பின் நெட்டையரான ஃபெர்னாண்டோ லியோரென்டே இறங்கினார். திட்டம் ரொம்ப நுணுக்கமானதல்ல: பந்தை உயரத் தூக்கி அவர் தலையைப் பார்த்து அடி. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் மௌரா ஒன்று அடித்தார். பப்பில் பெரிய கூச்சல் இல்லை, மரியாதைக்குச் சிலர் கைதட்டினார்கள். நான்கு நிமிடம் கழித்து, அயாக்ஸ் கோல்கீப்பர் ஒனானாவின் காலடியில் ஆட்கள் கும்பலாக விழுந்து கிடந்த இடத்தில் மௌரா பந்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் திரும்பி இரண்டாவதையும் போட்டார். இப்போது எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மனக்கணக்கு தொடங்கிவிட்டது. மொத்தம் 3-2. இன்னும் ஒன்று போதும், சமமாகிவிடும், சமமானால் வெளியூர் கோலில் நாம்தான்.

அந்த ஒன்றுக்காக முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தோம். ஸியேஷ் அடித்த பந்து எங்கள் கம்பத்தில் பட்டுப் போனது. எண்பத்தேழாவது நிமிடத்தில் வெர்டோங்கன் தலையால் முட்டியது அவர்கள் குறுக்குக் கம்பத்தில் இடித்துத் திரும்பியது. அவரே பழைய அயாக்ஸ் ஆட்டக்காரர். அன்று தொடக்கத்தில் இறங்கிய ஆல்டர்வெய்ரெல்டும் எரிக்சனும்கூட அயாக்ஸில் வளர்ந்தவர்கள்தான். கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடமும் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் சிஸோகோ பாதி மைதானத்திலிருந்து ஒரு பந்தைத் தூக்கி எறியாத குறையாக அடித்தார். லியோரென்டே மோதி அதைக் கீழே விழவைத்தார், டெலே அலி ஒரு தட்டுத் தட்டிவிட்டார், மௌரா இடது காலால் தரையோடு தரையாக மூலைக்குள் உருட்டினார்.

அயாக்ஸ் ஆட்டக்காரர்கள் அப்படியே புல்லில் விழுந்தார்கள். எங்கள் பப்பில் என்ன நடந்தது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. யாரென்றே தெரியாத ஒருவர் என்னைத் தூக்கினார். என் கோப்பை எங்கே போனதென்று தெரியவில்லை. திரையில் பொச்செட்டினோ மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார், கேன் கணுக்காலை மறந்து மைதானத்துக்குள் ஓடிவந்தார். ஓரமாகக் காமிரா காட்டிய அந்த ஐந்து விழுக்காட்டு மூலையில் பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

பத்து நிமிடத்தில் பொய்கள் ஆரம்பித்தன. இடைவேளையில் பயிற்சியாளரை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னவர், "லியோரென்டேயை இறக்கியபோதே எனக்குத் தெரியும்" என்றார். இன்னொருவருக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே ஓர் உள்ளுணர்வாம். வீட்டுக்குப் போன கிழவர் கதவைத் திறந்துகொண்டு திரும்பி வந்தார். தெருவில் சத்தம் கேட்டதாம். மூன்றாவது கோலை அவர் பார்க்கவில்லை என்று யாரும் குத்திக்காட்டவில்லை. அடுத்த வாரமே அவர் அந்தக் கோலை நேரில் பார்த்தவர்போல விவரித்துக்கொண்டிருந்தார், நானும் தலையாட்டினேன். இந்தப் பொய்களை நான் குறை சொல்ல மாட்டேன். கைவிட்டவர்கள் எல்லாரையும் விலக்கிவிட்டால் கொண்டாட ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

அயாக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலையிலேயே தகுதிச் சுற்றில் ஆடத் தொடங்கிய இளம் அணி அது. மாட்ரிட் போய் ரியாலை 4-1 என்றும், டூரின் போய் யுவென்டஸை 2-1 என்றும், லண்டன் வந்து எங்களை 1-0 என்றும் தோற்கடித்தது. நாக்அவுட் சுற்றுகளின் மூன்று வெளியூர் ஆட்டமும் வெற்றி. சொந்த ஊரில் மட்டும் மூன்றில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. மாட்ரிட்காரர்களை ஊமையாக்கியவர்களுக்கு இரண்டே மாதத்தில் அதே ஊமைத்தனம் வந்து சேர்ந்தது. அன்று கால்பந்து அழகில் அவர்கள்தான் மேல். இதைப் பப்பில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் இரவு ஆர்சனலின் முறை. முதல் ஆட்டத்தில் 3-1 என்று முன்னிலை வைத்துக்கொண்டு வாலென்சியா போயிருந்தார்கள். பயிற்சியாளர் உனாய் எமெரி அதே வாலென்சியாவில் முன்பு வேலை பார்த்தவர். பதினோராவது நிமிடத்தில் கமெய்ரோ ஒரு கோல் போட, கொஞ்சம் வயிற்றைக் கலக்கியிருக்கும். இன்னொன்று விழுந்தால் வெளியூர் கோலில் வாலென்சியாதான். ஆனால் பதினேழாவது நிமிடத்தில் ஒபமெயாங் சமன் செய்துவிட்டார். பிறகு லகஸெட் ஒன்று, ஒபமெயாங் இன்னும் இரண்டு. 4-2. மெஸ்டாயா மைதானத்தில் அப்படி வந்து ஜெயிப்பது லேசான காரியமல்ல. செய்நேர்த்தியில் அது எங்கள் ஆம்ஸ்டர்டாம் கூத்தைவிட உயர்ந்த ஆட்டம், சந்தேகமே இல்லை.

அதற்கடுத்த நாள் கடைக்குப் போனேன். அண்ணன் சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் விசாரித்தது ஆம்ஸ்டர்டாமைப் பற்றி. "கடைசி நிமிசம் எப்பிடி இருந்தது தம்பி?" எதிரணி ஆள் கேட்கும் கேள்வியா இது? சொந்த வெற்றியைப் பற்றி, "நல்லா விளையாடினவை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். தோல்வியை அருகில் போய்ப் பார்க்காத வெற்றியைச் சொல்ல அவரிடம் கதை இல்லை. மூன்று கோல் பின்தங்கி, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போன கூட்டத்திடம் கதை இருந்தது. ஆட்டத்தின் தரத்துக்கும் ரசிகனின் நினைவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் அப்போதுதான் முடிவு கட்டினேன். அவன் நினைவு வைத்திருப்பது தான் எவ்வளவு ஆழத்துக்குப் போய்த் திரும்பினோம் என்பதை மட்டும்தான்.

இரண்டு அணிகளுமே இறுதியாட்டத்தில் தோற்றன. மே 29 அன்று பாகு நகரில் செல்சி ஆர்சனலை 4-1 என்று உரித்தது. அறுபத்தெட்டாயிரத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள மைதானத்தில் ஒவ்வோர் அணியின் ரசிகர்களுக்கும் சுமார் ஆறாயிரம் டிக்கெட்தான். ஆர்சனலின் ஆர்மீனிய ஆட்டக்காரர் மிகிதாரியன் பாதுகாப்புக் கவலையால் அஜர்பைஜானுக்குப் போகவே இல்லை. முதல் கோலைப் போட்டவர் பழைய ஆர்சனல்காரர் ஜிரூ, அண்ணனுக்கு அது கூடுதல் எரிச்சல். ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகுமுன் எங்களுக்கு எதிராக லிவர்பூலுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். சலா அடித்தார், கடைசியில் ஒரிகி இன்னொன்று, 2-0. மூன்று கோல் போட்ட மௌராவைத் தொடக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, காயத்திலிருந்து அப்போதுதான் தேறிய கேனை இறக்கினார் பொச்செட்டினோ. தப்பு என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். நவம்பரில் பொச்செட்டினோவையும் அனுப்பிவிட்டார்கள்.

2021இல் யூஈஎஃப்ஏ வெளியூர் கோல் விதியை எடுத்துவிட்டது. இப்போது மொத்தம் சமமென்றால் கூடுதலாக அரை மணி நேரம் ஆட்டம். 2025இல் டாட்டன்ஹாம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து யூரோப்பா லீக் கோப்பையையே தூக்கியது. அந்த வாரம் கடைக்குப் போனபோது அண்ணன் வாழ்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முருங்கைக்காயைத் தாளில் சுற்றிக்கொண்டே பழைய கணக்கை எடுத்தார்.

"இப்பத்தை விதியெண்டால் ஆம்ஸ்டர்டாமில உங்கட ஆக்கள் ஜெயிச்சதா வராது, தெரியுமோ?"

"தோற்றதாவும் வராது அண்ணே. அரை மணி நேரம் கூட ஆடியிருப்போம்."

"ஆடித் தோத்திருப்பியள்."

"அயாக்ஸ்காரங்க தரையில கிடந்தாங்களே, எப்படி எழுந்து ஆடியிருப்பாங்க? அதோட கூடுதல் நேரத்துல இன்னொரு ஆளை மாற்றி இறக்கலாம்."

"ஆரை இறக்கிறது? கேனையோ? அவருக்குக் கணுக்கால் காயம் எல்லோ!"

பின்னால் வரிசையில் நின்ற அம்மா, "ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்கன்னா என் பாலுக்குக் காசு வாங்கிக்கிறீங்களா?" என்றார்.